ஏரிக்கரையில் முதல் டென்ட்: டெக்சாஸ் ஸ்டேட் பார்க்கில் இரண்டு இரவு தங்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். நான், மனைவி, 6 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. ஏரி உள்ள ஸ்டேட் பார்க் ஒன்றில் இரண்டு இரவு டென்ட் போட்டுத் தங்க ஆசை. இதுவரை போனதே இல்லை. எந்தப் பூங்கா, எந்த மாதம், என்ன வாங்குவது, எதில் ஜாக்கிரதையாக இருப்பது?

பதில்:

டென்ட் எதை வாங்குவது என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை போகிறவர்களுக்குப் பயணம் கெடுவது பெரும்பாலும் ஏரி, கரை, மாதம் இந்த மூன்றில் ஒன்றைத் தப்பாகப் பிடித்ததால்தான். இவை சரியாக அமைந்துவிட்டால் சுமாரான டென்ட்டிலும் நிம்மதியாகத் தூங்கலாம்.

உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் முதல் தேர்வாக டைலர் ஸ்டேட் பார்க்கைச் சொல்வேன். இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏரி 64 ஏக்கர்தான். சுற்றிலும் உயரமான பைன் மரங்கள். படகுகள் மணிக்கு 5 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பதால் மோட்டார் படகு சீறி அலையடிக்கும் தொல்லை கிடையாது. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். நாள் ஒத்துவராவிட்டால் ரே ராபர்ட்ஸ் ஏரி. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். நடுராத்திரியில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். ஆனால் அது மிகப் பெரிய ஏரி, காற்றும் அலையும் அதற்கேற்ப இருக்கும். பர்னெட் பக்கம் இருக்கும் இங்க்ஸ் லேக் அழகில் இரண்டையும் மிஞ்சும். இளஞ்சிவப்புப் பாறைகள் நேராகத் தண்ணீரில் இறங்கும். ஆனால் கார் பயணமே நாலு மணி நேரம், ஆணி இறங்காத தரை. இரண்டாவது, மூன்றாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேடோ ஏரியின் சைப்ரஸ் மரங்களைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் அது துடுப்புப் படகில் சுற்ற வேண்டிய இடம். கலங்கல் தண்ணீர், முதலை இனத்து அலிகேட்டர்கள் வாழும் இடம்; பிள்ளைகளை இறக்கி விளையாட விட ஏற்றதல்ல. பழைய பட்டியல்களில் ஃபேர்ஃபீல்ட் லேக் என்று ஒரு பெயர் இன்னும் இருக்கும். அது மின் நிறுவனம் ஒன்றின் நிலத்தில் குத்தகைக்கு நடந்த பூங்கா. நிலம் கைமாறியதால் 2023-ல் மூடிவிட்டார்கள்.

டெக்சாஸ் ஏரிகளைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாமே அணை கட்டித் தேக்கியவை. அதனால் மட்டம் ஏறும், இறங்கும். ரே ராபர்ட்ஸின் வழக்கமான மட்டம் கடல்மட்டத்திலிருந்து 632.5 அடி, அதற்கு மேல் 640.5 அடி வரை வெள்ளத்தைத் தாங்கிப் பிடிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட இடம். அதாவது கனமழை பெய்தால் 8 அடி வரை தண்ணீரை ஏறவிடுவது அந்த அணையின் வேலையிலேயே அடக்கம். தண்ணீரை ஒட்டிய சைட்கள், அதாவது டென்ட் போட எண் போட்டு ஒதுக்கிய இடங்கள், அவைதான் முதலில் முழுகும். 2015 மே மாத மழையில் பூங்காவின் பகுதிகளை மூட வேண்டி வந்தது. வறட்சியில் இதற்கு நேர்மாறு: படகுத்துறை தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும், நீச்சல் கரை சேற்றுத்திட்டாகிவிடும். மேட்டூர் மட்டத்தைச் செய்தியில் பார்க்கிறோமே, அதுபோல இங்கே பெரிய ஏரிகளின் மட்டத்தை டெக்சாஸ் வாட்டர் டெவலப்மென்ட் போர்டு தன் இணையதளத்தில் தினமும் போடுகிறது. பதிவு செய்யும் அன்றும், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பும் பாருங்கள். வழக்கமான மட்டத்துக்கு இரண்டு மூன்று அடி மேலே இருந்தால் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு உங்கள் சைட் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். இங்க்ஸ் ஏரியில் மட்டம் பொதுவாக ஒரே அளவில் நிற்கும். அந்தப் பூங்காவுக்குக் கிராக்கி அதிகம் இருக்க அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது காற்று. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இங்கே வசந்தத்திலும் கோடையிலும் பெரும்பாலான நாட்கள் தெற்கிலிருந்து காற்று வீசும். குளிர்காலத்தில் குளிர்க்காற்றுத் திரள் வந்தால் சில மணி நேரத்தில் வடக்கிலிருந்து வீசத் தொடங்கிவிடும். ரே ராபர்ட்ஸ் பூங்காவில் இரண்டு பெரிய பகுதிகள்: ஐல் டு போய் தெற்குக் கரையில், ஜான்சன் பிராஞ்ச் வடக்குக் கரையில். தெற்குக் காற்று மைல் கணக்கில் தண்ணீர் மேல் ஓடி வந்து வடக்குக் கரையில் மோதும். கோடை இரவில் அது வரப்பிரசாதம். ஏப்ரலில் பலமாக வீசும் நாளில் அதே இடத்தில் டென்ட் ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்துக்கொள்ளும், அடுப்பு எரியாது, பேப்பர் தட்டு பறக்கும். தெற்குக் கரையில் மரங்கள் காற்றை மறிப்பதால் டென்ட்டுக்குப் பாதுகாப்பு. ஆனால் தண்ணீரில் விளையாடும்போது அதுவே வினையாகிறது: கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசும் காற்று, ஊதிய மிதவையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை மெதுவாக உள்ளே தள்ளிக்கொண்டு போகும். கரையோரம் தண்ணீர் சலனமில்லாமல் தெரிவதால் யாருக்கும் உறைக்காது. அப்பா நீந்திப் பிடிக்கப் போய், அவரால் திரும்ப முடியாமல் திணறுவதுதான் வழக்கமாக நடக்கும் விபரீதம். கரையிலிருந்து ஏரிப் பக்கம் காற்று வீசுகிறதா என்று பாருங்கள். வீசினால் மிதவைகளைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.

மாதம் என்று கேட்டால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை. அக்டோபரில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், இரவு போர்வைக்குள் இதமாக இருக்கும், கொசு குறையும். மார்ச், ஏப்ரல் அழகுதான், காட்டுப்பூக்கள் பூக்கும் காலம். ஆனால் இடிமழையும் சூறைக்காற்றும் அப்போதுதான். மே மாதம் வெள்ளம். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம்: பகலில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும், இரவிலும் டென்ட்டுக்குள் வேர்த்துக் கொட்டும், அம்மாவுக்கு ஆகாது.

டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகளில் தங்குவதற்கு 5 மாதம் முன்பிருந்து பதிவு செய்யலாம். அக்டோபர் மூன்றாவது வார இறுதி வேண்டுமென்றால் மே மூன்றாவது வாரமே உட்கார வேண்டும். கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள், வானிலை அறிக்கை வந்த பிறகு பலர் ரத்து செய்வார்கள், அந்த வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன் ராத்திரிகளில் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று சிக்கும். இன்னொரு விஷயம், சைட் வாடகை வேறு, நுழைவுக் கட்டணம் வேறு. 13 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. 12 வயது வரை இலவசம். உங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள் என்பதால், வருடத்தில் இரண்டு மூன்று முறை போவதாக இருந்தால் வருட பாஸ் வாங்குவது லாபம். காரில் உங்களோடு வரும் எல்லோருக்கும் அந்த ஒரு பாஸே போதும். ஒரு சைட்டில் அதிகபட்சம் 8 பேர். நாலு குடும்பமாகச் சேர்ந்து போய் ஒரே சைட்டில் பாய் விரித்து உட்காரலாம் என்று திட்டம் போட்டால் ரேஞ்சர், அதாவது பூங்காக் காவலர், வந்து கலைத்துவிடுவார். அப்படிப் போக வேண்டுமென்றால் பக்கத்துப் பக்கத்து சைட்களாகப் பிடியுங்கள், அல்லது குரூப் கேம்ப் என்று தனியாக இருப்பதை எடுங்கள்.

அம்மா வருவதால் ஒன்று சொல்கிறேன். டைலர் உட்படச் சில பூங்காக்களில் ஸ்க்ரீன்ட் ஷெல்டர் என்று ஒன்று உண்டு. கூரை, சிமென்ட் தரை, சுற்றிலும் கொசுவலைச் சுவர், விளக்கு, பிளக் பாயின்ட். கட்டில் இருக்காது, படுக்கையை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அதை எடுத்து அம்மாவை மடக்குக் கட்டிலில் உள்ளே படுக்க வைத்துவிட்டு, முற்றத்தில் பிள்ளைகளோடு நீங்கள் டென்ட் போடலாமா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மழை வந்தால் எல்லோருக்கும் ஒரு கூரை இருக்கும். சாதாரண சைட்தான் கிடைக்கிறது என்றால் வரைபடத்தில் ரெஸ்ட்ரூமைப் பாருங்கள். நாலைந்து சைட் தள்ளி இருப்பது சரியான தூரம். நேர் எதிரே எடுத்தால் இரவு முழுக்க விளக்கு வெளிச்சம், கதவுச் சத்தம். ஒரே நடையில் போக முடியாத தூரம் என்றால் இரவு இரண்டு மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு டார்ச்சோடு நடக்க வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை வேலை முடித்துவிட்டுக் கிளம்பி இருட்டில் போய்ச் சேர்வதுதான் வாடிக்கை. முதல் முறையிலாவது அரை நாள் லீவு போட்டுவிடுங்கள். இருட்டில் தரை சாய்வா, எறும்புப் புற்று இருக்கிறதா, தலைக்கு மேல் பட்டுப்போன கிளை தொங்குகிறதா, ஒன்றும் தெரியாது. எப்படியும் தாமதமாகும் என்றால், ராத்திரி கேட் மூடும் பூங்காவா என்று கேட்டு, திறப்பதற்கான கோடு எண்ணை அலுவலகம் மூடுவதற்குள் போனில் வாங்கிவிடுங்கள்.

இப்போது டென்ட். பெட்டியில் போட்டிருக்கும் ஆள் கணக்கு, தோளோடு தோள் ஒட்டிப் படுத்தால் வரும் கணக்கு. ஐந்து பேருக்கு 8 பேர் டென்ட் வேண்டும். வாங்கியதும் வீட்டுப் புல்வெளியில் ஒருமுறை போட்டுப் பிரியுங்கள். அடியில் விரிக்கும் தார்ப்பாய், டென்ட்டின் தரையைவிடச் சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலம் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதில் விழுந்து, தார்ப்பாய்க்கும் டென்ட்டுக்கும் நடுவே குளமாகத் தேங்கும். 'டென்ட் ஒழுகுது' என்ற புகாரில் பாதி இதுதான். பெரிய தார்ப்பாய்தான் கையில் இருக்கிறதென்றால் ஓரத்தை உள்ளே மடித்து விடுங்கள், மடிப்பு கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.

டென்ட்டோடு கொடுக்கும் மெல்லிய கம்பி ஆணிகளை நம்ப வேண்டாம். டைலர் மாதிரி மணல் தரையில் அவை உருவிக்கொண்டு வரும். அங்கே 12 அங்குல நீள ஆணி வேண்டும். இங்க்ஸ் மாதிரிப் பாறைத் தரையில் வளைந்துபோகும். தானே நிற்கும் டென்ட்டைக் கொண்டுபோய், கயிறுகளைப் பெரிய கற்களில் கட்ட வேண்டியதுதான். ஆணியின் தலை டென்ட்டிலிருந்து வெளிப்பக்கம் சாய்ந்திருக்குமாறு அடியுங்கள். மேல் உறை உள் துணியைத் தொடாமல் விறைப்பாக இருக்க வேண்டும். தொட்டால் அந்த இடத்தில் ஈரம் ஊறி இறங்கும். வானம் தெளிவாக இருக்கிறதே என்று பக்கக் கயிறுகளைக் கட்டாமல் விடுவார்கள், ராத்திரி ஒரு மணிக்குக் காற்று கிளம்பியதும் உள்ளாடையோடு ஓடிவந்து கட்டுவார்கள். முதலிலேயே கட்டிவிடுங்கள். டென்ட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டக் கூடாது. இடி கேட்டால் எல்லோரும் காருக்குள். டென்ட் மின்னலுக்குப் பாதுகாப்பல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து இறங்கினால் போதும்.

காற்று மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. சாயங்காலம் கல்லாட்டம் ஊதி வைத்தது விடியற்காலையில் தொய்ந்திருக்கும். ஓட்டையில்லை, உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்கிவிட்டது. படுக்கப் போகும்போது மறுபடி இரண்டு அழுத்து அழுத்துங்கள். உள்ளே இருக்கும் காற்று உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். நவம்பரில் மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகு சில்லிடும். மெத்தைக்கு மேல் ஒரு கனமான ரஜாயோ யோகா மேட்டோ விரித்துப் படுத்தால் சரியாகிவிடும்.

சமையலுக்கு வருவோம், நம்மவர்கள் அதிகம் சொதப்பும் இடம். மின்சாரம் உள்ள சைட்டில் ஒரு கம்பத்தில் பெட்டி இருக்கும். 30 ஆம்ப், சில இடங்களில் 50 ஆம்ப் பிளக்குகள் எல்லாம் வேன் வீட்டுக்காரர்களுக்கு. உங்களுக்கானது வீட்டில் இருப்பது போன்ற 20 ஆம்ப் பிளக். 120 வோல்ட்டில் 20 ஆம்ப் என்றால் மொத்தம் 2,400 வாட். 1,800 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒன்றே 15 ஆம்ப் இழுக்கும். கூடவே 700 வாட் ரைஸ் குக்கரைப் போட்டால் ஏறக்குறைய 21 ஆம்ப். கொஞ்ச நேரத்தில் பிரேக்கர் விழும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் போடுங்கள். வயர் இன்னும் முக்கியம்: கடையில் மலிவாகக் கிடைக்கும் 16 கேஜ் எக்ஸ்டென்ஷன் வயர் (கேஜ் எண் கூடினால் வயர் மெல்லியது) 13 ஆம்ப் அளவுக்குத்தான் தாங்கும். இண்டக்ஷனை அதில் போட்டால் வயர் சுடும், பிளக் உருகும். 12 கேஜ், வெளிப்புறப் பயன்பாட்டுக்கானது, 50 அடி வாங்குங்கள். சுருளாகக் கிடக்கவிடாமல் முழுக்கப் பிரித்து விரியுங்கள். வயரின் இணைப்பு தரையில் கிடந்து பனி பட்டாலே பாதுகாப்பு பிளக் துண்டித்துக்கொள்ளும். ஒரு கல் மேலோ மேசைக்கால் மேலோ தூக்கி வையுங்கள்.

கேஸ் அடுப்பு கட்டாயம் ஒன்று இருக்கட்டும். இரண்டு பர்னர் புரொப்பேன் அடுப்புக்கு, பச்சை நிற 1 பவுண்டு சிலிண்டர் இரண்டு பர்னரும் முழுத் தீயில் எரிந்தால் ஒரு மணி நேரம்தான் வரும். காற்றில் பாதிச் சூடு வீணாகும் என்பதையும் சேர்த்தால், ஐந்து பேருக்கு இரண்டு நாள் டீ, டிபன், ஒரு வேளைச் சோறு என்று 4 சிலிண்டர் வேண்டும்.

ஒற்றை பர்னர் பியூட்டேன் அடுப்பு, அதாவது பக்கவாட்டில் ஸ்ப்ரே டப்பா மாதிரி கார்ட்ரிட்ஜ் செருகுவது, பல வீடுகளில் ஏற்கனவே இருக்கும். டீ போட, ரசம் சுட வைக்க அருமையானது. அதில் தோசைக்கல் வைக்காதீர்கள். அகலமான இரும்புக்கல் பர்னரைத் தாண்டி, கார்ட்ரிட்ஜ் இருக்கும் மூடியின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். பத்துத் தோசை சுடும் நேரத்தில் கல்லின் சூடு கீழே அடித்து டப்பாவைச் சூடேற்றி வெடிக்க வைக்கலாம். இரண்டு பியூட்டேன் அடுப்பைப் பக்கத்தில் ஒட்டி வைத்து மேலே ஒரே பெரிய அண்டாவை ஏற்றுவதும் அதே ஆபத்துதான். மூடியைத் தொட்டுப் பார்த்தால் கை பொறுக்காத சூடு இருக்கிறதென்றால் உடனே அணையுங்கள். தோசை வேண்டுமென்றால் புரொப்பேன் அடுப்பு. எந்த அடுப்பானாலும், மழையே பெய்தாலும், டென்ட்டுக்குள்ளோ அதன் முன்கூடாரத்துக்குள்ளோ பற்ற வைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கரி அடுப்பின் மீதித் தணலை இதத்துக்காக உள்ளே எடுத்துவருவதும் இதில் அடக்கம்.

முதல் ராத்திரி சமையலே வைத்துக்கொள்ளாதீர்கள். மதியம் கிளறிய புளியோதரை, உருளை வறுவல், அப்பளத்துக்குப் பதில் சிப்ஸ். டென்ட் போட்டு முடிக்கவே பொழுது சாய்ந்துவிடும். இட்லி மாவு கொண்டுபோவதாக இருந்தால் புளித்த பிறகு குளிர்சாதனப் பெட்டியில் ஒரு ராத்திரி வைத்து, டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்பாமல், ஐஸ் பெட்டியின் அடியில் வையுங்கள். நிறைத்து மூடிய மாவு டப்பா காரின் சூட்டில் பொங்கி மூடியைத் தள்ளினால் மூன்று மாதம் கார் மணக்கும். ஐஸ் பெட்டி இரண்டு வேண்டும், ஒன்று தண்ணீர், ஜூஸுக்கு, மற்றது சாப்பாட்டுக்கு. பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பது முதல் பெட்டியைத்தான். இரண்டையும் ஒன்றாக வைத்தால் ஐஸ் அன்றைக்கே கரையும். முந்தின ராத்திரியே பெட்டிக்குள் கொஞ்சம் ஐஸ் போட்டுக் குளிர வைத்துவிட்டு, மறுநாள் புது ஐஸ் போடுங்கள். மசாலா தடவிய சிக்கனை ஜிப் பையில் கல்லாக உறைய வைத்தால் அதுவே முதல் நாளுக்கு ஐஸ்கட்டி. உள்ளே 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றைப் போட்டு வையுங்கள். வெளியே எடுத்து வைத்த சமைத்த உணவு 2 மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம், அதற்கு மேல் வைத்துச் சாப்பிட வேண்டாம்.

இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். பாட்டு மட்டுமல்ல, ஐந்தரைக்கு வைக்கும் பிரஷர் குக்கரின் விசிலும் ஏரி முழுக்கக் கேட்கும். பொது இடத்தில் மது அருந்துவதும், பாட்டில் தெரிய வைப்பதும் டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகளில் தடை. கூட வரும் நண்பர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பாத்திரத்தை ஏரியிலோ ரெஸ்ட்ரூம் தொட்டியிலோ கழுவக் கூடாது. பேப்பர் டவலால் எண்ணெயையும் பருக்கையையும் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஒரு வாளியில் கழுவி, கழுநீரை எங்கே ஊற்ற வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டு அங்கே ஊற்றுங்கள். தரையில் சிந்திய சோறு அரை மணியில் நெருப்பெறும்பைக் கூட்டி வரும். இந்தப் பூங்காக்களில் கரடிக்குப் பயப்பட வேண்டியதில்லை, ரக்கூன்தான் வில்லன். ஐஸ் பெட்டியின் கொக்கியைக் கழற்றத் தெரிந்த பிராணி அது. படுக்கப் போகுமுன் சாப்பாடு, குப்பை, பற்பசை எல்லாம் காருக்குள் போய்விட வேண்டும். டென்ட்டுக்குள் பிள்ளைகள் பிஸ்கட் தின்ன அனுமதிக்காதீர்கள்.

உயரப் புல்லில் சிக்கர் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும். கணுக்காலிலும் இடுப்புப் பட்டி இறுக்கும் இடத்திலும் கடித்து ஒரு வாரம் அரிக்க வைக்கும். டீட் என்ற பூச்சிவிரட்டி 20 முதல் 30 சதவீதம் உள்ள மருந்தைக் கணுக்காலில் தடவுங்கள். சன்ஸ்க்ரீன் முதலில், அதன்மேல் இது. ராத்திரி நடக்கும்போது செருப்பு வேண்டாம், ஷூவும் டார்ச்சும் வேண்டும், காப்பர்ஹெட் பாம்பு இலைச் சருகின் நிறத்திலேயே படுத்திருக்கும். மும்மூன்று இலையாக இருக்கும் கொடியைத் தொட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பாய்சன் ஐவி பட்டால் கொப்பளிக்கும்.

நீச்சல் கரையில் உயிர்காப்பாளர் யாரும் இருக்க மாட்டார்கள். நீர்த்தேக்கம் என்பதால் அடியில் பழைய மரக்கட்டைகள், திடீர்ப் பள்ளங்கள் இருக்கும். முழங்கால் அளவு தண்ணீர் அடுத்த அடியிலேயே கழுத்துக்கு ஏறலாம். கயிறு கட்டிய எல்லைக்குள்ளேயே விளையாடட்டும். பெரியவர்களில் ஒருவர், போன் கையில் இல்லாமல், கரையில் நிற்க வேண்டும். அரை மணிக்கொரு முறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். கையில் மாட்டும் காற்று உறைகள் விளையாட்டுச் சாமான்தான். அமெரிக்கக் கடலோரக் காவல்படை முத்திரையுள்ள லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள், எடைப்படி: 30 முதல் 50 பவுண்டு வரை ஓர் அளவு, 50 முதல் 90 வரை அடுத்தது. பட்டைகளை இறுக்கிவிட்டுத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகவாயைத் தாண்டி மேலேறினால் அது பெரிய அளவு. கயாக்கிலோ வேறு சின்னப் படகிலோ போகும்போது 13 வயதுக்கு உட்பட்டவர்கள் அதைப் போட்டிருப்பது சட்டப்படி கட்டாயம். பெரியவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று படகில் இருக்க வேண்டும். நீங்களும் போட்டுக்கொண்டால்தான் பிள்ளைகள் முனகாமல் போடுவார்கள்.

ரே ராபர்ட்ஸில் வரிக்குதிரைச் சிப்பி பெருகிக் கிடக்கிறது. டெக்சாஸில் இதை முதலில் கண்டது 2009-ல், டெக்சோமா ஏரியில். கல்லிலும் கட்டையிலும் ஒட்டியிருக்கும் ஓடு பிளேடு மாதிரி காலைக் கிழிக்கும், எனவே தண்ணீரில் இறங்க ஷூ தேவை. அது ஏரி விட்டு ஏரி பரவுவது படகில் தங்கும் தண்ணீரில். அதனால் ஏரியை விட்டுக் கிளம்புமுன் படகை முழுக்க வடித்துவிட வேண்டும் என்பது சட்டம், கயாக்குக்கும் சேர்த்துத்தான். கடும் கோடையில் தண்ணீர் சுடச்சுட இருக்கும்போது தலைகீழாகக் குதிப்பது, மூக்கில் தண்ணீர் ஏறும்படி விளையாடுவது வேண்டாம்; மிக அரிதாக மூக்கு வழியாக மூளைக்குள் போகும் அமீபா ஒன்று உண்டு, பிழைப்பது அபூர்வம். மூக்கு கிளிப் போட்டால் அபாயம் குறையும். கனமழை பெய்து ஓடைநீர் கலங்கலாகச் சேர்ந்த பிறகு இரண்டு நாள் நீந்தாமல் இருப்பது நல்லது.

பிள்ளைகளுக்கு மீன்பிடிக்க ஆசையிருந்தால் நல்ல செய்தி: ஸ்டேட் பார்க்குக்குள் கரையிலிருந்தோ மேடையிலிருந்தோ பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. பல பூங்காக்களில் தூண்டிலையே இரவல் கொடுப்பார்கள். சின்னக் கொக்கி, அதாவது 8 அல்லது 10-ம் எண், ஒரு மிதப்பு, மண்புழுவில் ஒரு துண்டு, ஒன்றரை அடி ஆழம். மேடையின் நிழலில் போட்டால் சன்ஃபிஷ் என்ற சின்ன மீன் கொத்தும். பெரிய கொக்கி போடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அந்த மீனின் வாய் சின்னது, புழுவைத் தின்றுவிட்டுப் போய்விடும். கேட்ஃபிஷ் மாட்டினால் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். நம்மூர்க் கெளுத்தி இனம்தான். பக்கவாட்டு முள்ளும் முதுகு முள்ளும் அதேபோல் குத்திக் கடுக்கும்.

விறகைக் காட்டில் பொறுக்கக் கூடாது, வீட்டுக் கொல்லையிலிருந்தும் கொண்டுபோகாதீர்கள். மரம் அரிக்கும் பூச்சிகள் அதில்தான் பயணம் செய்கின்றன. பூங்காவிலோ பக்கத்து ஊரிலோ வாங்குங்கள். ஒரு கட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கிளம்புமுன் அந்த மாவட்டத்தில் தீத்தடை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விறகு கிடையாது. கேஸ் அடுப்பைப் பொதுவாக அனுமதிப்பார்கள், கரிக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு தெரியாதவரை செய்யுங்கள். மண்ணைப் போட்டு மூடினால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், மறுநாள் வெறுங்காலோடு ஓடும் குழந்தைக்குத் தெரியாது.

இத்தனை சாமான் வாங்கத் தயக்கமாக இருந்தால், டெக்சாஸ் பூங்காத் துறையே டெக்சாஸ் அவுட்டோர் ஃபேமிலி என்று ஒரு திட்டம் நடத்துகிறது. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு டென்ட், அடுப்பு, மெத்தை கொடுத்து, ரேஞ்சர்களே பக்கத்தில் நின்று சொல்லித்தருவார்கள். சாப்பாடும் போர்வையும் உங்களுடையது. இடம் சீக்கிரம் நிரம்பும்.

ஞாயிற்றுக்கிழமை காலை டென்ட்டைப் பனி ஈரத்தோடுதான் மடிக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும், சோர்வாக இருந்தாலும், கராஜிலோ வேலியிலோ விரித்துப் போட்டுவிடுங்கள். பைக்குள் நாலு நாள் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை பிடித்து நாறும், பிறகு என்ன செய்தாலும் போகாது. காலி புரொப்பேன் சிலிண்டரைச் சாதாரணக் குப்பையில் போட வேண்டாம். பூங்காவில் அதற்கென்று கூடை இருந்தால் அதிலும், இல்லாவிட்டால் உங்கள் நகரத்தின் அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்திலும் கொடுக்க வேண்டும்.